மருத்துவமனை பதினான்கு மாதம் பின்னால் போன கதை

சான் லெயாந்த்ரோ,
ஞாயிறு பிற்பகல்

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஹோர்த்தென்சியா அக்காவுக்கு,

இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் நலம். லிமோனில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமா? மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று கோபம் வேண்டாம். நான் சாகவில்லை. சொல்லப்போனால் எங்கள் மருத்துவமனையில் போன வாரம் வரை யாருமே செத்திருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. ஆவணப் பிரிவில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த பிரின்டர் தானாக உறுமித் தாளைத் துப்ப ஆரம்பித்தது. தாள் முழுக்க எந்த மொழியிலும் சேராத எழுத்துக்கள். அடுத்த அறையிலும் அதே சத்தம், மாடியிலும் அதே சத்தம், தொடுவாரில்லாமல் நாற்பது பிரின்டர்கள். நர்ஸ் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். எங்கள் கம்ப்யூட்டர் பொறியாளர் யோர்லெனி செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, "எதையும் தொடாதீங்க! ஒயரைப் பிடுங்குங்க! எல்லா ஒயரையும் பிடுங்குங்க!" என்று கத்தினாள். தொடாமல் எப்படிப் பிடுங்குவது என்று கேட்க நேரமில்லை. நான் பிடுங்கினேன் அக்கா. காபி மெஷின், மின்விசிறி, டைரக்டர் அறையின் மீன்தொட்டி எல்லாவற்றையும் பிடுங்கினேன். அதன்பிறகு வந்த அமைதி இருக்கிறதே, இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டிடம் மூச்சை நிறுத்தி நான் கேட்டதே இல்லை. அணைவதற்கு முன் எல்லாத் திரையிலும் ஒரே அறிவிப்பு: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் தந்தால் சாவி தருவோம்.

கதவைத் திறந்துவிட்டது யார் என்று பிறகு தெரிந்தது. சுங்கத்தில் உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று வந்த மெயிலை டைரக்டர் ஆர்கெதாஸ்தான் அழுத்தியிருக்கிறார். அதற்கு முந்தின வாரம் தெரியாத மெயிலைத் திறக்கக்கூடாது என்று எங்களுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தவரும் அவரேதான். ஆனால் ஒன்று, பணம் தர மாட்டேன் என்று உறுதியாக நின்றார். மெஷினோடு சேர்ந்திருந்த நகல்களையும் அந்தப் பாவிகள் பூட்டிவிட்டார்கள். யோர்லெனி தனியாகக் கழற்றி, தன் வீட்டு அரிசி டப்பாவில் வைத்திருந்த ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பிழைத்தது. அது பதினான்கு மாதம் பழையது. பதினோரு நாள் காகிதத்தில் ஓட்டினோம். பன்னிரண்டாம் நாள் அவள் அந்த நகலை ஏற்றினாள். மருத்துவமனை கண் விழித்தது, போன வருஷம் பிப்ரவரியில்.

நடுவில் இறந்தவர்கள் எல்லாரும் உயிரோடு வந்துவிட்டார்கள் அக்கா. போன மே மாதம் நாம் அடக்கம் செய்தோமே தோன்யா ஒபேலியா அம்மாள், அவர் பெயரில் ஆறாம் கட்டிலுக்கு உப்பில்லாத சூப் போயிருக்கிறது. சமையல்காரியிடம் ஓடினேன். "லிஸ்ட்ல இருக்கு, அனுப்பினேன்" என்றாள். "அந்தம்மா செத்துப் போச்சு, பெண்ணே!" என்றேன். "தட்டு காலியாத்தான் திரும்பி வந்துச்சு, தோன் எவெலியோ" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி குடித்திருப்பாள் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம்.

மரணப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகத் திரும்ப இறந்தவராக்கும் வேலை என்னுடையது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இருநூற்றுப் பதினொன்றை முடித்தேன். மிச்சம் ஒருத்தி, என் மனைவி மரியெலோஸ். கண் டாக்டரிடம் தேதி கேட்டால் பதினான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததுதான். போன வருஷம் அவள் கேட்டு வாங்கிய தேதி சரியாகப் போன வியாழக்கிழமை வந்தது.

போய் உட்கார்ந்தேன். திட்டாதீர்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது: "மரியெலோஸ் பதில்யா, மூன்றாம் அறை." கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகு புதிதாக வந்த இளம் டாக்டர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா வரலையா?" என்று கேட்டார். "கொஞ்சம் லேட்டாகும் டாக்டர். கிளம்புறதுக்கு எப்பவும் நேரமெடுத்துப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மூன்று மணிக்கு என் மேசைக்குப் போனேன். யோர்லெனி பக்கத்தில் நின்றாள். "நான் வேணா பண்ணவா, தோன் எவெலியோ?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் இறந்த ஆகஸ்ட் பதினேழை நானே தட்டி, நானே அழுத்தினேன். முடிந்தது. இப்போது தினமும் யோர்லெனி ஒரு நகல் எடுத்துக் கழற்றி வைக்கிறாள். எல்லாருக்கும் புதுக் கடவுச்சொல். மருத்துவமனை இந்த வருஷத்துக்கு வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன். கவலை வேண்டாம்.

லா நெக்ரீத்தா மாதா உங்கள் முழங்காலைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தம்பி
எவெலியோ சின்சில்யா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. காலையில் யோர்லெனி வெளுத்த முகத்தோடு என்னைத் தன் திரைமுன் இழுத்துப்போனாள். நான் தட்டிய ஆகஸ்ட் பதினேழைக் காணோம். மரியெலோஸ் பதில்யா, உயிருடன். வியாழன் 10:04, நோயாளி வந்தார். அடுத்த தேதி அடுத்த வருஷம் ஜூன் ஒன்பது. பதிவு செய்தது யார் என்ற இடம் காலி. கவுண்டரில் யாரும் தொடவில்லையாம். டாக்டரும் தான் தொடவில்லை என்கிறார். "உள்ள இன்னும் யாரோ இருக்காங்க, தோன் எவெலியோ. மறுபடி எல்லாத்தையும் பிடுங்கணும்" என்றாள். எனக்கு மட்டும் ஏனோ பயமே வரவில்லை அக்கா.