யானை பார்க்கும் குளியல் தொட்டி

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத என் தம்பிக்கு, உன் அக்கா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும், உன் மனைவியும், இன்னும் வெளியே வந்து முகம் காட்டாத அந்தச் சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் தவறாமல் விண்ணப்பம் போட்டுவிடுகிறேன்.

நிற்க. உன் ஆபீஸ் குலுக்கலில் விழுந்த இருவர் பயணப் பரிசை, பிரசவ நேரத்தில் போக முடியாது என்று எங்களுக்கு மாற்றிக் கொடுத்தாயே, அது சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம். கடல் தாண்டிய தேசத்தில், காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் மூன்று சொகுசு லாட்ஜில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இந்த மாசக் கடைசிக்குள் சொல்லிவிடு அக்கா என்று எழுதியிருந்தாய். லாட்ஜ் என்று படித்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே மூட்டைப்பூச்சியோடு நிற்குமே, அதுதான் என் கண்ணில் வந்தது. அப்புறம் படங்களைப் பார்த்துத் தெளிந்தேன். தெளிந்து, யோசித்து, சாமியையும் கேட்டு, முடிவுக்கு வந்துவிட்டேன். நாங்கள் போகவில்லை. மூன்றில் எதுவும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. பள்ளிக்கூடத்தில் கற்காமல் பொட்டலம் மடித்த காகிதங்களைப் படித்துப் படித்து எழுத்துக்கூட்டியவள் நான். ஆனாலும் கணக்கு எழுதிப் பழகியவள், ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவாமல் காரணம் சொல்வேன்.

உன் அத்தானின் சங்கதி உனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி வருவதையும் போவதையும் அறிவித்தவர். காலமெல்லாம் ஊர்ப்பேர் சொல்லி ஊரையே ஏற்றிவிட்டாரே தவிர, தான் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் வாயை மூடியவர் திறக்கவே இல்லை. சண்டையில்லை, சீக்கில்லை. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “குழாய் நல்லாத்தாம்மா இருக்கு, தொட்டியிலதான் தண்ணி இல்ல” என்றார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உப்பு போதுமா என்று கேட்டால் ஒரு தலையாட்டல். அது போதும் என்பதா, போதாது என்பதா என்று கண்டுபிடிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். நான் சுவரோடு பேச ஆரம்பித்திருந்தேன் தம்பி. சுவராவது கொஞ்சம் எதிரொலிக்கும்.

இந்த நிலைமையில்தான் நீ அனுப்பிய மூன்று வண்ணப் புத்தகங்களும் வந்தன. மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வெளி அறையில் திடீரென்று ரயில் நிலையம் கேட்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆற்றின் வளைவில் அமைந்துள்ள முதலாவது விடுதியின் புல்வெளிக்கு, நீர்யானைகள் இருட்டியதும் வந்து சேரும்.” கரண்டி கையிலிருந்து விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் உன் அத்தான் எழுந்து நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்து அறிவித்துக்கொண்டிருக்கிறார். நான் கதவோரமாகவே நின்றேன். தூங்குகிற பிள்ளையின் அறைக்குள் போகிற மாதிரி மூச்சைக்கூட மெல்ல விட்டேன். முதலாவது முடிந்தது, இரண்டாவது வந்தது: உயரமான கரையில் மரத்தூண் மேல் நிற்கும் கூடாரம், யானைகள் ஆற்றைக் கடந்து நேரே கீழே வந்து நிற்குமாம். மூன்றாவது ஒரு தீவு: படகில்தான் போக வேண்டும், மின்விளக்கு கிடையாது, தண்ணீரில் விழுந்த நட்சத்திரங்களைத் துடுப்பால் விலக்கிக்கொண்டு போவீர்கள் என்று போட்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. கடைசி வண்டியை அறிவிக்கும்போது தணியுமே, அப்படி.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட மறந்தோம். இரண்டாவது விடுதியில் குளியல் தொட்டி வெட்டவெளியில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது, கவனித்தாயா? நான் படத்தைப் பார்த்ததும் கையால் மூடிவிட்டேன்.

“ஆத்தப் பாத்துக்கிட்டே குளிக்கலாம்னு போட்டிருக்காங்களே, ஆறு நம்மளப் பாக்காதா?” என்றேன்.

“ஆத்துக்கு ஏது கண்ணு? யானைதான் பாக்கும்” என்றார்.

“யானைக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு சொல்றாங்களே!”

“அப்ப ஒரு தரம் குளிச்சாப் போதும். அதுக்கு ஆயுசுக்கும் மறக்காது.”

தம்பி, இந்த மனுஷன் கல்யாணமான புதிதில்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அப்போதெல்லாம் வேலைக்காகக் குரலைச் சேமித்து வைத்துக்கொள்வார். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. வெட்கத்தில் எழுந்து போய் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று மூன்று சீட்டு எழுதி சாமி படத்தின் முன் குலுக்கினேன். வளைவு வந்தது. மனசு ஒப்பவில்லை, கண்ணை நன்றாக மூடாமல் எடுத்துவிட்டேனோ என்று மறுபடி குலுக்கினேன். தீவு வந்தது. அது முதல் சீட்டோடு தகராறு பண்ணுகிறதே என்று நடுவரும் நீயே என வேண்டிக்கொண்டு இன்னொரு தரம் எடுத்தால் தொட்டி வந்தது. “மூணும் கடவுளுக்குப் பிடிச்சிருக்கு” என்று சொன்னேன். “அப்ப மூணையும் இன்னொரு தரம் படிச்சுப் பாத்துருவோம்” என்று உன் அத்தான் உட்கார்ந்தார். அன்று முதல் தினமும் குலுக்கல், தினமும் வாசிப்பு. நீர்யானையைப் பற்றி நூலகத்தில் போய் நானே படித்தேன். பெயரில் யானை இருக்கிறதே தவிர, அதற்குத் திமிங்கிலம்தான் நெருங்கின சொந்தமாம். ஒரு குடும்பத்தில் பிறந்து, இன்னொரு குடும்பத்தின் பெயரைத் தூக்கிக்கொண்டு, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற அந்த ஜீவன் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

அதன் பிறகு வந்தவைதான் வினைகள். காட்டில் வெள்ளை, நீலம், பளீர் நிறம் எதுவும் உடுத்தக் கூடாது, மண் நிறம்தான் உத்தமம் என்று விதிகளில் இருந்தது. மண் நிறத்தில் எங்களிடம் இருப்பது கால்மிதி ஒன்றுதான். புதிதாக வாங்க மனம் வராமல், பெரிய அண்டாவில் தேயிலையைக் கொதிக்கவிட்டுத் துணிகளை முக்கினேன். என் கணக்கு நோட்டில் இந்த மாதம் தேயிலைக்கு இரண்டு வரி: குடித்த வகை, உடுத்திய வகை. ஊறிய பிறகுதான் பார்க்கிறேன், உன் அத்தானின் வெள்ளைச் சீருடைச் சட்டைகளும் உள்ளே போயிருக்கின்றன! நடுங்கிப்போய்க் கொடியில் காயப்போட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, “இப்பத்தான் எனக்கு லீவு விட்ட மாதிரி இருக்கு” என்றார். நல்ல மனுஷன். ஆனால் வியர்த்தால் இன்னமும் தேநீர்க் கடை வாசம் வருகிறது.

அடுத்து எடை. அங்கே போவது சின்னஞ்சிறு விமானமாம், பையின் எடையோடு ஏறுகிறவர்களின் உடம்பு எடையையும் எழுதித் தர வேண்டுமாம். பைக்கு எடை கேட்டால் நியாயம், பெண்பிள்ளைக்குக் கேட்பது என்ன மரியாதை? வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுத் தையற்காரியிடம் எடைக்கருவி இரவல் வாங்கி, வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று பால்கனியில் வைத்து ஏறி நின்றேன். முள்ளைப் பார்க்கத் தைரியமில்லை. “நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றேன். சொன்னார். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று நடைமேடைக்குக் கேட்கிற குரல் அல்லவா? எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மறுநாள் தையற்காரி, “இனிமே உங்களுக்கு அளவெடுக்கவே வேண்டாம்க்கா” என்றாள். எத்தனை கிலோ என்று இங்கே எழுத மாட்டேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பயண கம்பெனிப் பெண் வேறு விடாமல் போன் பண்ணுகிறாள். குரல் என்னவோ தேன்தான். காலையில் பூஜைக்குக் கைமணி அடிப்பேனே, அங்கே அடிக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். “வேண்டாம் மேடம். அங்க மணி அடிச்சா சாப்பாடு ரெடின்னு அர்த்தம், எல்லாரும் வந்துருவாங்க” என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்க இருக்கிற எல்லாரும் மேடம்” என்றாள். நான் போனை வைத்துவிட்டு மணியையும் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

இருட்டிய பிறகு காவலாள் இல்லாமல் கூடாரத்தை விட்டு நடக்கக் கூடாது என்று ஒரு விதி. அதை ஒத்திகை பார்க்கலாம் என்று நான்தான் விளையாட்டாகச் சொன்னேன். இப்போது படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு நான் தனியாகப் போக முடிவதில்லை. டார்ச்சும் குடையுமாக இவர் முன்னால் நடக்கிறார்.

“நில்லு. சத்தம் காட்டாதே. அங்க ஏதோ உறுமுது.”

“அது ஃப்ரிட்ஜுங்க.”

“எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க.”

விடிகாலையில் எழுப்பிவிடுகிறார். காட்டுச் சவாரி நேரமாம். கொசுவலைக்குள்ளிருந்து எழுந்து, தேயிலைச் சட்டையும் தேயிலைச் சால்வையுமாக, இரண்டு நாற்காலியைப் பால்கனியில் ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டு உட்காருவோம். அவர் முன்னால், நான் பின்னால். பால்கனிக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடும் சிமெண்டுக் கால்வாய் உனக்கு நினைவிருக்கும். “பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது குப்பைத்தொட்டியின் பின்புறமிருந்து புறப்பட வேண்டிய சாம்பல் பூனை, சிறிது தாமதமாகப் புறப்படும்.” நிஜமாகவே கொஞ்ச நேரம் கழித்து அது வரும். கொக்கு ஒன்று வழக்கமாக ஒற்றைக் காலில் நிற்கும், அது “மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.” எதிர் ஜன்னல்காரர்கள் இப்போது காபி டம்ளரோடு காத்திருக்கிறார்கள். ஒருநாள் நாங்கள் எழத் தாமதமானபோது கீழிருந்து தையற்காரி கூப்பிட்டாள்: “என்னண்ணே, இன்னிக்கு வண்டி ரத்தா?”

போன வாரம் பெரிய மழை பெய்து கால்வாய் கரை தொட ஓடியது. பொழுது சாய்ந்த நேரம். குப்பைத்தொட்டி, சிமெண்டுச் சுவர், கம்பி எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. வெளிச்சம் மட்டும் பழுப்பாக அகலமாக நகர்ந்துகொண்டிருந்தது. யார் வீட்டிலிருந்தோ அடித்து வந்த பழைய சோபா ஒன்று, முதுகு மட்டும் தெரிய, மெல்லத் திரும்பித் திரும்பி மிதந்து வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்தார். “வந்து சேந்துருச்சு” என்றார். அறிவிப்புக் குரல் இல்லை, சொந்தக் குரல். அந்த முதுகு மூச்சு விட்டதை நானும் பார்த்தேன் தம்பி. சோபா என்று எனக்குத் தெரியும். மூச்சு விட்டதும் தெரியும். அது வளைவு தாண்டி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

இப்போது புரிகிறதா, ஏன் வேண்டாம் என்கிறேன் என்று? துணி, மணி, எடை எல்லாம் சாக்கு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டு புத்தகங்களும் மூடிவிடும். போய்விட்டு வந்தால் மூன்றாவதும் மூடிவிடும். பையைப் பிரித்து, துணியை அலசிக் காயப்போட்டதும் உன் அத்தான் அந்த நாற்காலியில் போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் நான் என்ன பண்ணுவேன்? இங்கே பால்கனியில் எனக்கு மூன்று ஆறு ஓடுகிறது, பேசுகிற மனுஷன் ஒருத்தர் இருக்கிறார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாலு நாள் யானை பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆகவே பரிசை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. புத்தகங்களை மட்டும் திருப்பிக் கேட்காதே. இவர் கேட்டால் கம்பெனியே கைவிட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிடு, பாவத்தை என் பேரில் எழுதிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அத்தான் கண்ணில் மட்டும் காட்டிவிடாதே.

உன் மனைவியை வெயிலில் அலையவிடாதே, படி ஏறவிடாதே, கேட்டதைச் சாப்பிடக் கொடு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நல்ல தொண்டையோடு அழுது, கடைசி வரைக்கும் வாய் ஓயாமல் பேச வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உன் அத்தானும் ஆசி சொல்லச் சொன்னார். இந்த முறை நிஜமாகவே வாய் திறந்து சொன்னார்.

இப்படிக்கு, உன் நலமே நினைக்கும்
அக்கா.

பி.கு.: எல்லாம் கெட்டது. உறையில் போடும்போது, கனமா இருக்கே, தபால்தலை கூட ஒட்டணுமா என்று உன் அத்தான் கையில் வாங்கினார். எடை பார்க்க வாங்கியவர் பிரித்துவிட்டார். பிரித்தவர் பால்கனியில் நின்று “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். குளியல் தொட்டி, குளியல் தொட்டிக்கு நான் வெட்கப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. சோபா வந்த இடத்தில் குரல் தணிந்தது. அதற்கு மேல் மனசுக்குள் படித்தார். கீழே தையல் இயந்திரம் நின்றுவிட்டது. எதிர் ஜன்னலில் டம்ளர்கூட அசையவில்லை. நான் சால்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஏம்மா, காலம் பூரா நான் போகாத ஊரைப் பத்தியே பேசியாச்சு. போய்ட்டு வந்த ஊரு ஒண்ணப் பத்திப் பேச எனக்கு ஆசை இருக்காதா? ஒரு ஆறு பாத்தாப் போதும், உன் காது வலிக்கிற வரைக்கும் பேசுவேன்” என்றார். அப்புறம் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு ஒரு காதைப் பொத்தினார். “ரத்து செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ஆற்றங்கரைப் பயணம், வழக்கம்போல் புறப்படும். தடங்கலுக்கு வருந்துகிறோம்.” தெருவே கை தட்டியது. தையற்காரி பைக்கு மண் நிறத்தில் உறை தைக்க அப்போதே துணி வெட்டிவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, இரண்டாவது விடுதியை உறுதி செய்துவிடு. அந்தத் தொட்டியைச் சுற்றித் திரை ஏதாவது உண்டா என்று மட்டும் விசாரித்து எழுது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.