ராசமலரின் அடுப்பும் ஹொலண்டின் வாயுவும்

சாம்பல்தீவு,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் யுகேந்திரன் அவர்களுக்கு,

சல்லி அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கு சுகம். தாங்களும் என் தங்கை சுலோஜனாவும் ஹொலண்டுக் குளிரோடு சமாதானமாகியிருப்பீர்கள் என நம்புகிறேன். மானம் போன கதையை வட்சப்பில் சொல்வது மரியாதையல்ல என்பதால் எழுதுகிறேன்.

சமையல் வாயு சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் என் மனைவி ராசமலர் விறகுக்குத் திரும்பியது தாங்கள் அறிந்ததே. அங்கங்கே சிலிண்டர் வெடித்த செய்தியும் காதில் விழுந்ததால், பிறகு தாராளமாகக் கிடைத்தும் தொடவில்லை. இப்ப புகை நெஞ்சில இறங்கி இருமல் விடுகுதில்லை. விறகை விடாட்டி மருந்து கேக்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் வீட்டில சொன்னால் எடுபடாது, சபையில சொன்னால் கேப்பா எண்டு நினைச்சு, வாசிகசாலையில 'இயற்கை வாயு: ஹொலண்டும் இலங்கையும்' எண்டொரு பேச்சை நானே கேட்டு வாங்கினனான். துறைமுகத்தில கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவனுக்கு இது தேவையோ எண்டு கேளாதேங்கோ. அங்க அறுபது வருசமா வீட்டுக்கு வீடு குழாயில வாயு வருகுது, சனம் பயமில்லாமல் சமைக்குது எண்டு சொல்லி அவவின்ர பயத்தைப் போக்கிறதுதான் திட்டம். ஆனால் பேச்சுக்கு முதல்நாள் விபரம் கேட்டு உங்களுக்குக் கோல் எடுத்தால் நீங்கள் என்ன சொன்னனீங்கள்? வாயு எடுத்து எடுத்து குறோனிங்கன் பக்கம் நிலம் ஆடினது, வாயுக் கிணறுகளை மூடிட்டாங்கள், நாங்களும் கரண்ட் அடுப்புக்கு மாறிட்டம் எண்டு!

சபையில அதையும் மறைக்காமல் சொன்னன். "ஹொலண்டில வீடுகள் வெடிச்சது" எண்ட உடனே முன்வரிசையில ராசமலர் நெஞ்சில கைவைச்சா. "ஐயோ, வெடிச்சதெண்டால் சுவரில கீறல்!" எண்டு நான் கத்தினன். ஒரு காலத்தில அவங்கட சக்தித் தேவையில பாதிக்குக் கிட்ட வாயுதான், இப்ப இறங்கிக்கொண்டு போகுது எண்டு விளக்க, கிண்ணியாச் சிநேகிதர் ஸெய்னுதீன் எழும்பினார்.

"அப்ப இலங்கை?"

"அண்டும் சைபர், இண்டும் சைபர். மன்னார்க் கடலுக்குக் கீழ இருக்காம், இன்னும் எடுக்கேல்லை."

"அப்ப நாங்க சமைக்கிற சிலிண்டர்?"

"அது எண்ணெயில இருந்து வாற வேற வாயு."

"அப்ப இவ்வளவு நேரமும் எங்களிட்ட இல்லாத சாமானைப் பற்றியோ பேசினனீங்கள்?"

சபை விழுந்து விழுந்து சிரிச்சுது. இறங்கி ஓடுவமோ எண்டு நான் படியைப் பாக்க, ராசமலர் இருமிக்கொண்டே எழும்பினா.

"வாயுவை விட்டவையள் இப்ப எதில சமைக்கினம்?"

"கரண்டில."

"அப்ப நாங்கள் ஏன் வாயுவால சுத்தி வரவேணும்? விறகில இருந்து நேரா கரண்டுக்குப் போகேலாதோ?"

கைதட்டு எண்டால் அப்பிடிக் கைதட்டு! எல்லாரிலும் பலமாத் தட்டினவர் ஸெய்னுதீன். ஏனெண்டு அடுத்தநாள்தான் விளங்கிச்சு: அவர் இப்ப புதுசாக் கரண்ட் அடுப்பு விக்கிறவர், கிண்ணியாப் பாலத்தைக் கடந்து தானே கொண்டுவந்து பூட்டித் தந்தார். கரண்ட் போற நாளில கடைப் பாணும் சம்பலும். ஆனால் இருமல் குறையுது மச்சான். நேற்று சாமியறையில ஒரு தேவாரத்தை இடையில நிப்பாட்டாமல் பாடி முடிச்சா. வெளியில நிண்டு கேட்ட எனக்குக் கண் கலங்கிட்டுது.

நல்ல வழி காட்டிய தங்கள் குடும்பத்துக்கு அம்மன் சூடும் சுகமும் குறையாமல் தரட்டும்.

இப்படிக்கு,
அன்பு மறவா மச்சான்,
காசிநாதர்

பி.கு.: கடிதத்தை மடிக்கேக்க சுலோஜனா கோல் எடுத்தவ. உங்கட குசினியில இன்னும் வாயு அடுப்புத்தானாம், கரண்டுக்கு மாறிட்டம் எண்டு நீங்கள் எனக்குச் சொன்னது வெறும் புளுகாம்! பேச்சு முழுக்க உங்களை நம்பித்தானே நிண்டது எண்டு ராசமலரைப் பாத்தன். அவ ஃபோனை வாங்கிச் சிரிச்சுக்கொண்டு சொன்னா: "பரவாயில்லை மச்சாள், கரண்டுக்கு ஆறுதலா மாறுங்கோ. ஏதும் விளங்காட்டி என்னட்டைக் கேளுங்கோ."