வாழைப்பழம் ஏறிய படகு

அநியாயம்! இதற்கு வேறு வார்த்தை கிடையாது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் படகில் என் மனைவி ஓலீட்டா ஏறக் கூடாது. இது இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அமலில் இருந்த ஒரே ஒரு சட்டம், அதாவது நான் போட்ட ஒரே ஒரு சட்டம். எங்கள் ஓக்லஹோமா ஏரியில் ஹைப்ரிட் மீன் எங்கே கூடுகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஹைப்ரிட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வரி பாஸ் மீனுக்கும் வெள்ளை பாஸ் மீனுக்கும் பிறந்த கலப்பு. உடம்பில் கோடு நேராக ஓடாது, அறுந்து அறுந்து ஓடும். தூண்டிலைக் கவ்வி இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

போன வியாழக்கிழமை காலை, காபியோடு வந்தாள்.

"வெர்லின் தங்கம்..."

தங்கம் என்றாலே ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"இந்த வருஷமாவது என்னைப் படகுல கூட்டிட்டுப் போறியா?"

"மாட்டேன்."

"ஏன், நான் ஏறினா முழுகிடுமா?"

"யாரை ஏத்தறதுன்னு கேப்டன்தான் முடிவு பண்ணுவான்."

"அப்ப கேப்டன் யாருன்னு முடிவு பண்ணிடலாம். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள யாரு பெரிய ஹைப்ரிட்டோட வர்றாங்களோ, சீசன் முடியற வரைக்கும் படகு அவங்களுது."

"நீ எதுல போவ? துணி ஊறவைக்கிற தொட்டியிலயா?"

"கரையில நின்னு போட்டுக்கறேன். உனக்குச் சாப்பாடு கூட நானே கட்டித் தர்றேன், போதுமா?"

கரையில் நின்று ஹைப்ரிட்டா! சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. பந்தயத்துக்குச் சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். வீட்டுக்குப் பின்னால் வட்டத் தொட்டியில், தூண்டிலில் இரையாக மாட்ட ஷாட் என்ற சின்ன மீன் வளர்க்கிறேன். ஹைப்ரிட்டுக்கு அதுதான் அல்வா. மூலையுள்ள தொட்டியில் விட்டால் முட்டிக்கொண்டு செத்துவிடும், அதனால்தான் வட்டத் தொட்டி. உப்புப் போட்டு, காற்றுக்குழாய் வைத்து, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு டஜன் அள்ளிக்கொண்டேன்.

என் ரகசிய இடத்தில் மோட்டாரை அணைத்து, மீன் காட்டும் திரையைப் பார்த்தால் கீழே கல்யாணக் கூட்டம்! சந்தோஷத்தில் பசித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

வாழைப்பழம்!

படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் ஏறாது. எங்கள் ஏரிக்கரையில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். போனை எடுத்தேன்.

"ஏண்டி, படகுல வாழைப்பழம் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஐயையோ, மறந்தே போச்சு தங்கம். சின்னப் பழம்தானே?"

"சின்னப் பழமா! இடிஞ்ச ரயில் பாலத்துல, மூணாவது தூணுக்குக் கிழக்கால, இருபதடி ஆழத்துல மீன் கும்மியடிக்குது! இனிமே ஒண்ணாவது வாயைத் திறக்குமா?"

"அடப் பாவமே. இப்ப என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது? கரைக்குப் போய்ப் படகு பூரா சோப்புப் போட்டுக் கழுவணும். ரெண்டு மணி நேரம் போச்சு!"

"நல்லா மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவு. அவசரப்படாதே."

என்ன அக்கறை பாருங்கள்!

கழுவித் துடைத்துத் திரும்பினால், மூன்றாவது தூணுக்குக் கிழக்கே ஒரு தகரப் படகு. தூண்டில் கடை டூயியின் படகு. உள்ளே ஓலீட்டா! பக்கத்து வாளியில் துள்ளுவது என் ஷாட்!

"கரையிலிருந்து பிடிப்பேன்னு சொன்னியே!"

"கரையிலதான் ஆரம்பிச்சேன். டூயி படகும் கரையிலதானே கட்டியிருந்துச்சு?"

"அது என் இடம்!"

"கத்தாதே, மீன் கலையும். முதல்ல வந்தவங்களுக்குத்தான் இடம்னு ஊரையே விரட்டினது நீதானே? இருபத்திரண்டு வருஷமா கேட்டேன், சொல்லலை. ஒரு வாழைப்பழத்துக்குச் சொல்லிட்டியே!"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் ஏரி மரியாதை ஏரி மரியாதைதான். வேறு பக்கம் போனேன். அப்படியும் கடைசி நிமிஷத்தில் பதினோரு பவுண்டில் ஒன்று மாட்டியது. கடவுள் இருக்கிறார் என்று டூயி கடைத் தராசுக்கு ஓடினேன். ஓலீட்டாவின் மீன் ஒன்பது பவுண்டு. ஜெயித்தேன் என்று குதித்தேன்.

டூயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மீனைப் புரட்டினான்.

"வெர்லின், இதுல கோடு தலையிலிருந்து வால் வரைக்கும் நேரா ஓடுது. இது அசல் வரி பாஸ். பந்தயம் ஹைப்ரிட்டுக்கு."

"அசலு கலப்பைவிட ஒசத்திதானேய்யா!"

"ஒசத்திதான். தோத்துட்ட."

நாளைக் காலை படகு கிளம்புகிறது. என்னை வலை பிடிக்கிற வேலைக்குச் சேர்த்திருக்கிறாள். ஒரு மீனை நழுவவிட்டாலும் ஆளை மாற்றிவிடுவாளாம். டூயி ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறான்.