எட்டுத் தட்டும் ஒரு லீவும்

"மேசை மேல இருக்கிற தட்டை யாரும் தொடக்கூடாது!" என்று பார்சர்காரர் கத்தியபோது மணி பத்தேகால்.

அவர் மனைவி பெட்டியில் வைக்கவிருந்த துணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். வீட்டிலிருந்த எட்டுத் தட்டுகளும் மேசையில்தான்; அவற்றில் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றின் மேல் ஸ்பூன்கள்.

"வீட்ல இருக்கிறதே நீங்களும் நானும். யாரும்னா நான்தானே? என்கிட்டயே நேரா சொல்லலாமே."

பார்சர்காரர் என்பது ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர். பள்ளிக்கூடங்களில் புழங்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் மொழிக்கு, எழுதியதை மெஷினுக்குப் புரியவைக்கிற கம்பைலர் செய்கிற நிறுவனம் அது. யாராவது எழுதிய நிரலை வரிவரியாக வாசித்து, எந்தப் பெயர் எங்கே பிறந்தது, எதுவரைக்கும் செல்லுபடியாகும் என்று தீர்ப்புச் சொல்கிற பகுதிதான் பார்சர். பத்து வருஷமாக அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

அன்றைக்கு மூன்று மணிக்கு ரயில். அக்கா வீட்டில் பத்து நாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, தலைவாரிவிட்டு, பொத்தான் போட்டுவிட்டு, இவரை ஆளாக்கியவள் அக்காதான். அவள் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை டிக்கெட் எடுத்து, இரண்டு தடவையும் கிளம்புகிற அன்றைக்கே ஒரு புகார் வந்து, லீவு ரத்தாகிவிட்டது. போன வாரம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் வரலேன்னா, இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே." அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கும் காலையில் புகார் வந்துவிட்டது. அதே ஆள். பெயர் கிடையாது, ஒரு எண்தான். பார்சர்காரர் அவனுக்கு விடாக்கண்டன் என்று பெயர் வைத்திருந்தார்.

'சுற்று என்ற பெயரை ஃபார் லூப்பின் அடைப்புக்குறிக்குள்தான் வைத்தேன். லூப் முடிந்து பத்து வரி தாண்டியும் அது உயிரோடு உலாவுகிறது. இது நியாயமா?'

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற கட்டளைக்குத்தான் ஃபார் லூப் என்று பேர். மேனேஜர் போனில் சுருக்கமாகச் சொன்னார். "ஒன்றரை மணிக்குப் புகார் பட்டியல் காலியா இருந்தா லீவு. இல்லேன்னா இல்லப்பா."

மனைவிக்குத் தட்டுகள் விளக்கப்பட்டன.

"ஒரு பகுதிக்குள்ள நுழையும்போது ஒரு தட்டு வைக்கணும். அங்க பிறக்கிற பெயரெல்லாம் அந்தத் தட்டுல ஸ்பூன். பகுதி முடிஞ்சா தட்டை ஸ்பூனோட தூக்கிடணும். அவ்வளவுதான் விஷயம்."

"இதுல என்ன சிக்கல்?"

"என் பார்சர், லூப்போட உடம்பைச் சுத்தி இருக்கிற சுருள் அடைப்புக்குறியைப் பார்த்தப்புறம்தான் தட்டு வைக்குது. ஆனா பெயர் அதுக்கு முன்னாடியே, ஃபார் பக்கத்துலயே பிறந்துடுது. ஸ்பூன் கீழே இருக்கிற பழைய தட்டுல விழுந்துடுது. அதான் சாகவே மாட்டேங்குது."

"அப்ப ஃபாரைப் பார்த்ததுமே தட்டு வைங்க. நான் போய்த் துணி மடிக்கிறேன்."

அதையேதான் அவரும் செய்தார். ஃபார் என்றதும் தட்டு வை, சுருள் அடைப்புக்குறி மூடியதும் தட்டை எடு. பதினொரு மணிக்குப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, முடிச்சுட்டேன்! மூணு மணி ரயில்ல வந்துடுவோம்."

"வாடா வா, என் ராஜா! நல்லாப் பார்த்துட்டியா? அவசரத்துல எதையாவது விட்டுடாதே. எப்படிச் சரி பண்ணினே, சொல்லு கேட்கிறேன்."

அக்கா கம்ப்யூட்டர் டீச்சர். தம்பி செய்த மொழியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதில் இவருக்கு ஏகப் பெருமை. பத்து நிமிஷம் விளக்கினார். அவளும் பொறுமையாக 'உம்' கொட்டினாள்.

போனை வைத்துவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போனவரை கம்ப்யூட்டர் 'டிங்' என்று கூப்பிட்டது.

'ஒற்றை வரி லூப்புக்கு நான் சுருள் அடைப்புக்குறி போடுவதில்லை. போடாவிட்டால் லூப்பின் பெயர் நிரலின் கடைசி வரை சாகிறதில்லை. முன்பு பத்து வரிதான் உலாவியது. இது நியாயமா?'

பார்சர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வைத்த தட்டை எடுக்க ஆளே இல்லை! மூடுகிற அடைப்புக்குறிக்காகப் பார்சர் தேமே என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"இவனுக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குதோ!" என்று தட்டைத் தட்டினார். "நிச்சயமா கல்யாணம் ஆகாதவன். ஆகியிருந்தா இப்படி உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்க நேரம் இருக்குமா?"

"கல்யாணம் ஆனா வேற ஆள்கிட்டல்ல தப்புக் கண்டுபிடிக்கணும்?" என்றாள் மனைவி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. லூப்பின் உடம்பு எதுவாக இருந்தாலும், ஒரு வரியோ ஒன்பது வரியோ, அது முடிந்ததும் தட்டை எடு என்று மாற்றினார். வந்த ஜோரில், யாரும் கேட்காமலே, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற இஃப் கட்டளைக்கும் அதே வைத்தியத்தைச் செய்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குப் பதிப்பு வெளியானது. அக்காவுக்கு மறுபடி போன்.

"இஃபுக்கும் சேர்த்துப் பண்ணிட்டியா? சமத்து! வேலைதான்டா முக்கியம். அக்கா எங்க ஓடிடப் போறேன்?"

அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்?

டிங்.

'இஃப் அடைப்புக்குறிக்குள் விடை என்று ஒரு பெயர் வைத்தேன். இஃப் பகுதி முடிந்ததும் அதைத் தூக்கிவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் இதைச் செய் என்று பின்னால் வரும் எல்ஸ் அதைத் தேடி அலைகிறது. எல்ஸும் அந்த வீட்டுப் பிள்ளைதானே? இது நியாயமா?'

இந்தத் தடவை பார்சர்காரருக்கு வேறு ஒரு சந்தேகம் முளைத்தது. தான் தட்டு வைத்து விளக்குகிறபோது கூட இருந்தது யார்? மனைவி. விளக்கம் முடிந்ததும் அறைக்குள் போவது யார்? மனைவி. அக்கா வீட்டில் விடியற்காலை நாலரைக்கே எழுப்பி நடக்கக் கூட்டிப்போவார்கள் என்று நேற்று பெருமூச்சு விட்டது யார்?

பூனை மாதிரி நடந்து போய் அறைக்கதவைத் திறந்தார். அவள் லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள்.

"திற அதை."

"மாட்டேன்."

"விடாக்கண்டன் நீதானா?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. லேப்டாப்பைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். 'சின்னப் பெட்டியில் பத்து நாள் துணியை அடக்குவது எப்படி' என்று ஒரு பெண் உருட்டி உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவுக்குன்னு ஆசையா வாங்கின போர்வை பெட்டியில கொள்ளல. அதுக்காக என் துணியில பாதியை எடுத்து வெளிய வச்சிருக்கேன். என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்கல்ல?"

"இல்லம்மா, பார்சர் டென்ஷன்..."

"உங்க பார்சரையே கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வரல!"

ஆக, புகார் ஒன்று, கோபித்துக்கொண்ட மனைவி ஒன்று, நேரம் பன்னிரண்டரை. அவர் முதலில் மனைவியைச் சமாதானம் செய்தார். அதற்கு இருபது நிமிஷம் பிடித்தது. தன் துணியில் பாதியை எடுத்துவிட்டு அவள் துணியை வைப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அவள் இறங்கி வந்தாள். பிறகு மேசைக்கு ஓடி வந்து, எல்ஸ் முடிகிறவரை தட்டை எடுக்காதே என்று ஒரே வரியில் மாற்றினார். பதிப்பு வெளியானது. அக்காவுக்குப் போன் போட நேரமில்லை. 'எல்ஸையும் கவனித்துவிட்டேன், கிளம்புகிறோம்' என்று செய்தி மட்டும் அனுப்பினார்.

"சாப்பிடலாமா?" என்றாள் மனைவி. "தட்டு எடுத்துக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! இன்னும் பத்து நிமிஷம்!"

இருவரும் பாத்திர மூடிகளில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். மூடியில் குழி இல்லாததால் குழம்பு அவர் சட்டையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து டிங்.

'இஃப் பகுதிக்குள் பிறந்த பெயர்களெல்லாம் இப்போது எல்ஸ் பகுதிக்குள் கூச்சமில்லாமல் நடமாடுகின்றன. அடுத்த வீட்டுக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறப்பது போல இருக்கிறது. இது நியாயமா?'

பார்சர்காரர் மூடியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தட்டை முன்னால் எடுத்தால் எல்ஸ் பட்டினி. பின்னால் எடுத்தால் இஃபின் எச்சில் ஸ்பூனெல்லாம் எல்ஸுக்கு. மணி ஒன்று ஐந்து.

"முடிஞ்சுது. அக்காவை இனிமே அக்கான்னு கூப்பிட முடியாது," என்றார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கிளம்புகிற வீட்டில் மேசையை அப்படியே போட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. "தள்ளுங்க. பெரிய தட்டை அடியில வச்சு, சின்னத் தட்டை மேல வச்சா ஒரே நடையில அலமாரியில வச்சுடலாம்," என்று ஒரு பெரிய தட்டின் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்தாள். அதில் சட்னி ஒட்டியிருந்தது. "சீ, இது வேண்டாம்," என்று சின்னதை மட்டும் எடுத்துவிட்டு, வேறு சின்னத் தட்டை வைத்தாள்.

பார்சர்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப என்ன பண்ணினே? மறுபடி பண்ணு!"

"என்னங்க, அலமாரியில வைக்கத்தானே..."

"ரெண்டு தட்டு! அடைப்புக்குறியில பிறக்கிற பெயருக்குப் பெரிய தட்டு. அது கடைசிவரைக்கும் இருக்கும். உள்ளே பிறக்கிறதுக்குச் சின்னத் தட்டு. இஃப் முடிஞ்சா சின்னதை எடு, எல்ஸுக்குப் புதுசா வேற சின்னது. எல்லாம் முடிஞ்சப்புறம் பெரியதை எடு! பத்து வருஷமா எனக்குத் தோணல, நீ சட்னியைப் பார்த்துச் சொல்லிட்டியே!"

அவர் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். குழம்புக் கறை அவள் உடையிலும் ஏறியது. அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள்.

ஒன்று இருபதுக்குப் பதிப்பு வெளியானது. இருவரும் திரையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்று இருபத்தைந்து. ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரை. டிங் இல்லை. புகார் பட்டியல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"போயிட்டு வாப்பா," என்று மேனேஜர் சொன்னதும் பார்சர்காரருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. வாடகைக் காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார். எடுத்தது அக்காவின் வீட்டுக்காரர். வருஷத்தில் நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

"அத்தான்! கிளம்பிட்டோம்! இந்தத் தடவை எவனாலயும் தடுக்க முடியல!"

அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சந்தோஷம் மச்சான். வரும்போது சாப்பிடத் தட்டு ரெண்டு கையோட எடுத்துட்டு வந்துடு."

"தட்டா? எதுக்கு அத்தான்?"

"போன தடவை நீ எங்களுக்குப் பார்சரை விளக்கினதுல பத்து நாளும் இந்த வீட்ல ஒருத்தருக்கும் தட்டு கிடைக்கல, அதனாலதான் வாய்க்கு வான்னு கூப்பிட்டுட்டு உங்கக்கா காலையில இருந்து ஒத்தை ஆளா உட்கார்ந்து நாலு புகார் எழுதிப் போட்டா, அஞ்சாவது கிடைக்காம இப்பத்தான் எழுந்து போய்த் தட்டையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டிருக்கா."