கறுப்புக் கோடு இல்லாத அந்து

திண்டிவனத்தில் ஒரு பூச்சியின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு அந்துப்பூச்சி சாரிடமிருந்து முழுசாகத் தப்பித்தவன் எவனும் கிடையாது. விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது விடிந்தால் என் பூச்சிமருந்துக் கடையில் வந்து உட்கார்ந்து வியாபாரத்தைக் கெடுப்பார். டீயில் விழுந்த பூச்சியை நான் தூக்கிப் போட்டால், "இன்னா குடும்பம்னு பாக்காம போடறியே!" என்று சண்டைக்கு வருவார்.

ஒருமுறை வேர்க்கடலை போட்டிருந்த ஒலக்கூர் விவசாயி ஒருவர் டப்பாவில் வெட்டுப்புழுவோடு ஓடிவந்தார். "மல்லாட்டைச் செடியெல்லாம் அடியோட அறுத்துப் போட்டுக்கினு இருக்குது. ஜல்தியா மருந்து குடுங்க!"

நான் பாட்டிலை எடுப்பதற்குள் சார் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "புழுவப் பாத்து இனம் சொல்லக் கூடாது. வளந்து அந்து ஆவட்டும், அப்புறம் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் இன்னா சார் பண்றது?"

"காத்துக்கினு இருங்க."

அந்த ஆள் எதிர்க்கடையில் மருந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது.

சார் அந்தப் புழுவை வளர்த்தே விட்டார். வெளிவந்த பழுப்பு அந்துவின் சிறகில் இருக்கவேண்டிய கறுப்புக் கோடு இல்லை. "புது இனம்யா!" என்று கடைக்குள்ளேயே குதித்தார். பூச்சிகளை வகைப்படுத்தும் நிபுணர் ஒருவருக்கு அதை அனுப்பி, புது இனம் என்றால் தன் மனைவி சரோஜா பெயரை வைக்கும்படி கெஞ்சினார். அந்த அம்மா அப்போது கிட்னி இரண்டும் போய் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"ஊரான் மல்லாட்டையத் தின்ற புழுவுக்கா எம் பேரு? நல்லா வச்சாரு போ!" என்று என்னிடம் திட்டினார். ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் "பேரு வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாருக்கு அந்த நிபுணரிடமிருந்து போன் வந்தது. பூச்சியின் அடிவயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். பழைய கறுப்பு வெட்டுப்புழு இனமேதான். நிறம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.

உள்ளே அந்த அம்மா மூச்சு வாங்கக் கேட்டார். "வந்துச்சாங்க?"

பூச்சி விஷயத்தில் கலெக்டரே கேட்டாலும் வளைந்து கொடுக்காத மனுஷன், "வந்துடுச்சும்மா. உம் பேருதான்" என்றார்.

"பேஜாரு புடிச்ச மனுசன்" என்று சிரித்தார் அந்த அம்மா. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். சார் அழக்கூடத் தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

இப்போதும் சார் கடைக்கு வருகிறார். வாயைத்தான் திறப்பதில்லை. சண்டை போட ஆளில்லாமல் எனக்குக் கடையே பிடிக்கவில்லை. போன வாரம் வானூரிலிருந்து ஒருவர் டப்பாவோடு வந்து, "இது இன்னா புழுங்க?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். வெட்டுப்புழு.

"சரோஜாங்க" என்றேன்.

சார் என்னைத் திருத்தவில்லை. டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.