பட்டன் மேடமும் என் இரும்புக்கையும்

எங்கள் மாவட்டத்தில் காக்கி உடுப்பு போட்ட ஆண்களில் ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். காட்ட முடியாது. நாலு துளைப் பட்டனைக் குறுக்குத் தையல் போட்டு, அடியில் நூலைச் சுற்றி, முடிச்சு தெரியாமல் முடிப்பதில் எல்லாரும் தேர்ந்தவர்கள். நாளைக்கே அரசாங்கம் மொத்தப் பேரையும் வீட்டுக்கு அனுப்பினாலும் ஆளுக்கொரு தையல்கடை போட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் காரணம், போலீஸ் வேலைக்கு வேண்டிய உயரத்தை மயிரிழையில் தாண்டி உள்ளே வந்த ஒரு பெண்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அது புழங்கியது. மற்றபடி பெரிய அதிகாரி முதல் கான்டீனில் வடை போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் பட்டன் மேடம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். ஜூடோ, கராத்தே, எங்கள் பக்கத்து அடிமுறை எல்லாவற்றையும் கற்று, அவற்றில் போலீஸ்காரனுக்கு உதவாததைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துத் தற்காப்புப் பாடம் நடத்தினார். கழித்ததுதான் அதிகம். காலைத் தலைக்கு மேல் தூக்கி உதைப்பதெல்லாம் கழிவில் போய்விட்டது. மிஞ்சியது ஆறு பிடி, நாலு விடுவிப்பு, அவ்வளவுதான்.

அவரிடம் நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. அனுப்பி வைத்தார்கள்.

கேரள எல்லைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் நான் ஏட்டாக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். எனக்கு அங்கே 'இரும்புக்கை' என்று பட்டம். அந்தப் பட்டத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை. மீசையை முறுக்குவதற்குப் பதிலாக விரல்களைச் சொடுக்குவேன். ஒரு திருவிழா ஊர்வலத்தில் ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் தங்கராஜ் என்ற பால்வெட்டுக்காரர் குடித்துவிட்டு நடுரோட்டில் ஆடினார். ஓரமாகப் போகச் சொன்னேன், அவர் என்னையும் ஆட அழைத்தார். மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். செண்டைமேளத்தையும் மீறி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பால்வெட்டுக்காரருக்கு மணிக்கட்டுதான் சோறு. மூன்று மாதம் அவர் ரப்பர் தோட்டத்துப் பக்கமே போக முடியவில்லை. அவர் மனைவி வாரம் ஒருமுறை எக்ஸ்ரே கவரோடு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். சண்டை போடமாட்டார், அழவும் மாட்டார். சும்மா நின்றுவிட்டுப் போவார். அவர் வருகிற நாளெல்லாம் நான் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவேன்.

விசாரணை வந்தது, மெமோ வந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏட்டு, ஓய்வுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு. இனி ஒருத்தன் எலும்பு ஒடிஞ்சா உம்ம வேலையும் சேந்து ஒடியும். புதன்கிழமை தோறும் பயிற்சிக்குப் போவும். அந்த மேடம் பாஸ் போட்டாத்தான் உம்மள வெளி டூட்டிக்கு விடுவேன்."

ஆயுதப்படை மைதானத்துக்கு நான் பட்டினியாகப் போனேன். விளையாட்டுப் பயிற்சி என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டையா, சாப்பிட்டியளா?"

"இல்ல மேடம். பயிற்சின்னு சொன்னாவ, அதான்."

"கள்ளன் உங்க வயிறு காலியா இருக்க நேரம் பாத்தா வருவான்? போயி மீன்கறி ஊத்தி நல்லா சாப்பிட்டுட்டு வாங்க."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெல்ட் கழுத்துக்கு ஏறியதுபோல் இருந்தது. மேடம் எதிரில் நின்று, கையைக் கூப்பி, "மன்னிக்கணும் ஏட்டையா" என்றார். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நான் மெத்தையில் மல்லாந்து கிடந்தேன். என் வலது கை அவருடைய இரண்டு விரல்களுக்குள் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு விரல்களைக் கேட்காமல் நான் எழுந்திருக்க முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

யாரைத் தள்ளினாலும் முதலில் மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கம். நாங்களும் கேட்டாக வேண்டும். கேட்காமல் தொட்டால் அந்தப் பிடி செல்லாது.

அடுத்த வழக்கம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு பிடியும் முடிந்ததும் இரண்டு பேரின் சட்டைப் பட்டன்களையும் எண்ணுவார். எதிராளியின் பட்டன் ஒன்று குறைந்தாலும் பிடித்தவர் தோற்றார். தோற்றவர் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பட்டனைத் தைக்க வேண்டும். ஊசி, நூல், காக்கி பட்டன் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அவர் கையோடு இருக்கும்.

"பட்டன் போச்சுன்னா வேண்டியதவிடக் கூட இழுத்தியன்னு அர்த்தம். அடுத்தது எலும்புதான்" என்பார். 'எலும்பு' என்ற சொல் வந்ததும் வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும்.

போலீஸ் மூளை சும்மா இருக்குமா? இரண்டாம் வாரம் பதினான்கு பேரும் பேசி வைத்துக்கொண்டு டீ-ஷர்ட்டில் போய் நின்றோம். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கொள்ளாம், நல்லதுதான். டீ-ஷர்ட்டுக்குப் பட்டன் இல்ல, தையல் உண்டு. பிரிஞ்சா கையால தைச்சுத் தரணும். மெசின் கிடையாது."

அன்று நான் ஜெபராஜ் என்ற போலீஸ்காரருக்கு அக்குளிலிருந்து இடுப்பு வரை தைத்தேன். முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லாரும் மரியாதையாகச் சட்டையோடு வந்தார்கள்.

இந்தப் பழக்கம் மைதானத்தோடு நின்றால் பரவாயில்லை. ஒரு தேர்த்திருவிழாவில் எங்கள் வகுப்பு ஆட்கள் இருவர் ஒரு பிக்பாக்கெட்டைப் பிடித்தார்கள். பிடிப்பதற்கு முன் "மன்னிக்கணும்" என்றார்கள். பிடித்த பிறகு அவன் பட்டன்களை எண்ணினார்கள். ஐந்துதான் இருந்தது. இருவரும் வெலவெலத்துப் போய் தரையெல்லாம் தேடினார்கள். கள்ளனுக்கே மனசு இளகிவிட்டது.

"சாரே, அது வீட்டுலயே போனது. நீங்க எதுக்கு வெசனப்படுறிய?"

"அத நீ எழுதித் தரணும்டே" என்றார்களாம் இருவரும்.

மேடத்தின் மூன்றாவது வழக்கத்துக்குக் காரணம், சண்டை மைதானம் பார்த்து வராது என்ற நம்பிக்கை. எனவே பழைய மினிபஸ் ஒன்றுக்குள் எங்களை நெருக்கி அடைத்து வகுப்பு நடத்துவார். பஸ்ஸுக்குள் தகராறு செய்ய ஒரு குடிகாரன் வேண்டும். போலீஸ்காரர்கள் நடித்தால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்று, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தன் கணவரையே கூட்டி வந்தார். அந்த மனிதர் ஏ.சி. மெக்கானிக். சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். பொங்கல் கரும்புச்சாறு தவிர எதையும் குடித்தறியாதவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆடினார்.

"சார், தயவுசெஞ்சு என்னைத் தொடாதீங்க" என்றார்.

"இஞ்ச பாருங்க, எந்தக் குடிகாரன் தயவுசெஞ்சுன்னு சொல்லுவான்? ஏசுங்க!" என்று மேடம் பின்சீட்டிலிருந்து கத்தினார்.

அவர் வெகுநேரம் யோசித்தார். நெற்றி வியர்த்தது. பிறகு என்னைப் பார்த்து, "போடா" என்றார். ஒரு கணம் விட்டு, "சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரைப் பிடித்தேன். மூன்று பட்டன் போயிற்று. மாமியார் வீட்டில் எடுத்துக்கொடுத்த சட்டையாம்.

என் கதை அப்படித்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வாரத்துக்கு வாரம் பட்டன் சேதம் குறைந்தது. எனக்கு மட்டும் குறையவில்லை. வீட்டில் என் மனைவியின் ஜாக்கெட்டுக்குக்கூட நான் கொக்கி தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். அவ்வளவு பழக்கம். கடைசிப் பரீட்சையில் ஜெபராஜைப் பிடித்தபோது ஐந்து பட்டன் பறந்தன. ஒன்று, பார்வையிட வந்த டி.எஸ்.பி.யின் டீக்குள் விழுந்தது. பதின்மூன்று பேர் பாஸ். நான் பெயில். இரண்டாவது குழுவோடு மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி பெயில். மூன்றாவது குழுவில் இருந்த சின்னப் பையன்கள் என்னை 'சீனியர்' என்று கூப்பிட்டார்கள்.

அந்த மூன்றாவது சுற்றில் ஒருநாள், வேப்பமரத்தடியில் நான் தைத்துக்கொண்டிருந்தபோது மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டையா, தப்பா எடுக்காதிங்க. உங்க கையில பலம் ஒண்ணும் கூடுதல் இல்ல. நீங்க பயந்துட்டுப் பிடிக்கிய. விட்டா என்ன ஆகும்னு பயம். அதான் ஒடியுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊசி விரலில் ஏறியது. முப்பது வருஷ இரும்புக்கையைப் பார்த்து இந்தப் பிள்ளை என்ன சொல்கிறது? ஆனால் அவர் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் என் பிடியிலிருந்து நழுவித் திரும்பி, என் காதோரம் கத்தியை வீசினான். அதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மேடத்திடம் சொன்னேன். அவர் நான் தைத்து முடிக்கும் வரை நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அந்தச் சுற்றிலும் அவர் பாஸ் போடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பாஸ் ஆகாதவனுக்கு வெளி டூட்டி கிடையாது. ஸ்டேஷனில் உட்கார்ந்து மனு வாங்குவதுதான் வேலை. ஒருநாள் முற்பகல், எதிரே பஸ் ஸ்டாண்டில் ஒரே கூச்சல். ஸ்டேஷனில் என்னைத் தவிர இருந்தது கம்ப்யூட்டரும் பூனையும்தான். ஓடினேன்.

டீக்கடை முன்னால் பால்வெட்டும் கத்தியை உருவிக்கொண்டு ஒருவர் நின்றார். குடித்திருந்தார். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். சுற்றிலும் ஜனம், ஜனத்தின் கையிலெல்லாம் செல்போன். கத்திக்காரர் திரும்பினார். தங்கராஜ்.

"கிட்ட வராதயும் சாரே! இந்தக் கைய ஒடிச்சது நீருதான்" என்றார். கத்தி இருந்த கையை உயர்த்திக் காட்டினார். மணிக்கட்டில் எலும்பு கூடிய இடம் சற்றுப் புடைத்திருந்தது.

என் பழைய திருகு எனக்கு மறக்கவில்லை. ஒரு நொடி போதும். அந்தக் கை மறுபடி ஒடிந்தால் அவர் பிழைப்பு நிரந்தரமாகப் போகும், என் வேலையும் போகும். காதோரம் ஜில்லென்றது. மேடம் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு எட்டு பின்னால் வைத்து, கைகளை விரித்து நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"தங்கராசு, கை இப்பவும் வலிக்கா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளில் நான் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"வெடியக்காலம் பால் வெட்டும்போ வலிக்கும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மழைன்னா கூடுதல்."

"மன்னிச்சுக்க மக்கா" என்றேன்.

மைதானத்தில் அதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றுதான் மன்னிப்பைக் கேட்டேன். அவர் உதடு கோணியது, கை தாழ்ந்தது. பக்கவாட்டில் நுழைந்து, முழங்கைக்கு அடியில் ஒரு கையும் புறங்கை மேல் ஒரு கையும் வைத்தேன். மூன்றாவது பிடி. கத்தி என் கைக்கு வந்துவிட்டது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்று கூட்டத்தில் ஒருவர் வருத்தத்தோடு செல்போனைப் பைக்குள் போட்டார். நான் பழக்க தோஷத்தில் பட்டன் எண்ணக் குனிந்தேன். தங்கராஜ் சட்டையே போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்கு வலிச்சுதா?" என்றார்.

"இல்ல மேடம்."

"உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. ஐம்பத்தேழு வயது ஏட்டு, யூனிபாரத்தோடு, மனுக்கட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். மேடம் போனை வைக்கவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிந்ததும் அதிகாரக் குரலில் சொன்னார்:

"பாஸ் ஏட்டையா. இனி புதன்கிழமை வரண்டாம்."

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த புதன்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மதியம் மைதானத்தில் போய் நின்றேன். "மேடம், புதுப் பிள்ளைகளுக்கு விழுந்து காட்ட ஒரு ஆள் வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் மெத்தையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

இப்போது ஓய்வும் பெற்றாயிற்று. என் வயதுக்காரர்கள் முட்டுவலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாரம் தவறாமல் போய் பத்துத் தடவை விழுந்துவிட்டு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு, பட்டன் மேடத்துக்கு, எப்போது வேண்டுமானாலும் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வரலாம் என்கிறார்கள். கத்திக்கெல்லாம் எனக்கு இப்போது பயமில்லை. அந்த ஆர்டருக்குத்தான் பயப்படுகிறேன்.