அரிப்புக்கு அரிசிமா

பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டதும் வைத்தியராகிவிடும் மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. படிப்பு வேண்டாம், இரண்டு பெற்றிருந்தால் போதும், பெறாவிட்டாலும் குற்றமில்லை. மலேசியாவில், எங்கள் கோலத்திரங்கானு தெருவில் அந்தப் பதவி ரொகாயா அக்காவுக்கு. நான்கு பெற்றவர். முகத்தில் கருமை படர்ந்தால் பெண் குழந்தை, வயிற்றில் கோடு விழுந்தால் சொறிந்த குற்றம், எங்கே அரித்தாலும் குழந்தைக்கு முடி முளைக்கிறது என்று பஸ் நிறுத்தத்திலும், மீன் சந்தையிலும், கல்யாண வீட்டில் நெய்ச்சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டும், கேட்காதவர்களுக்கும் சொல்வார். மருந்து ஒன்றுதான். காய்ந்த அரிசிமா உருண்டையைத் தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும்.

பக்கத்து வீட்டு சுஹைலாவுக்கு எட்டாம் மாதம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தடிப்பில்லை, கொப்புளமில்லை, அரிப்பு மட்டும். தூக்கம் போயிற்று. கிளினிக்குக்குப் போகட்டுமா என்று அக்காவிடமே கேட்டாள்.

"அரிப்புக்கெல்லாமா டாக்டரு? பிள்ளைக்கு முடி அடர்த்தியா வளருது. மாவப் பூசிட்டுப் படு."

"உள்ளங்கையில எப்படிக்கா முடி வளரும்?"

"வளர்றது உனக்கில்ல, பிள்ளைக்கு."

இதற்கு மேல் யார் என்ன கேட்பது? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சுஹைலா பத்து நாள் பூசினாள்.

வழக்கமான பரிசோதனைக்குப் போன அன்று, எடை பார்த்த நர்ஸ் மஸ்லினா அவள் கையில் நகக்கீறல்களைக் கவனித்தார். எங்கே அரிக்கிறது, இரவில் கூடுகிறதா என்று இரண்டே கேள்வி. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கோளாறு தோலில் இல்லை, கல்லீரலில் என்றார் டாக்டர். பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்கிறது. தாய்க்கு அரிப்போடு போகும், அளவு மிகவும் ஏறினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

"பத்து நாள் விட்டுட்டேனே டாக்டர்," என்றாள் சுஹைலா. "பிள்ளை நல்லா இருக்குல்ல?"

இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். கேட்ட பிறகுதான் அழுதாள்.

அதன்பின் மாத்திரை, வாராவாரம் ரத்தப் பரிசோதனை, முப்பத்தேழாம் வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம். பெண் குழந்தை, நலம். தலையில் முடி பெயருக்குக்கூட இல்லை.

அக்கா குழந்தை பார்க்க வந்தார். "நான்தான் அப்பவே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னேன்," என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். சுஹைலா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது அக்கா கல்லீரல் நிபுணர். போன வாரம் கொசுக்கடியைச் சொறிந்த ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மளிகைக் கடையில் அரைமணி நேரம் அக்காவின் பித்தப் பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

நீங்கள் அப்படி இல்லைதான். ஆனால் இதைப் படிக்கும்போதே தெரிந்த ஒரு கர்ப்பிணியின் முகம் உங்கள் மனதில் வந்திருக்கும். அரித்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், நல்லதுதான். அந்த ஒரு வாக்கியத்தோடு வாயை மூட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.